ஒப்பாரிக் கோச்சியும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

ஆங்கிலத்தில் ஒரே பொருளைத் தருவனபோலத் தோன்றும் சொற்கள் ஏராளம். ஒன்றின் பொருளை அறிய அகராதியைத் திறந்தால் மற்றொன்று அங்கே பொருளாக நிற்கும். அதைத் தேடிச் சென்றால் முதலாவது சொல்லே மீண்டும் எதிர்ப்படும். இவற்றைப் பிரித்தறிவது எப்படி என்று மாணவர் கேட்கின்றனர், மொழிபெயர்ப்பாளரும் கேட்கின்றனர். நாளிதழின் செய்தி மேசையில் இக்கேள்வி நாள்தோறும் எழும். ஆங்கிலச் செய்தி வந்து சேர்ந்த சிறிது நேரத்துக்குள் அது தமிழாகி அச்சுக்குப் போயாக வேண்டும். அந்த அவசரத்தில் கைக்கு அகப்படும் தமிழ்ச் சொல் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு நிலைத்துவிடுவதும் உண்டு.

என் துணிபு இது: இத்தகைய சொற்களின் வேறுபாடு, அவை சுட்டும் பொருளில் இருப்பதைவிட, அவற்றைச் சொல்பவர் எவற்றை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டார் என்பதில்தான் பெரிதும் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் வெளியே தெரியாத ஒரு வாக்கியம் மறைந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேறுபாடு விளங்கிவிடும். இதைக் காட்டுவதற்குக் கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த மலைகளையும்விடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன். அங்கே ஓர் ஆங்கிலச் சொல் பல இலட்சம் தமிழரின் வாழ்வைத் தீர்மானித்திருக்கிறது.

முதலில் நம் பழக்கம் ஒன்றைப்பற்றிச் சொல்லவேண்டும். திவாகரம், பிங்கலம், சூடாமணி என்ற நிகண்டுகளின் வழிவந்தவர்கள் நாம். யானைக்கு இத்தனை பெயர், மலைக்கு இத்தனை பெயர் என்று அவை தொகுத்துத் தந்தன. எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ற சொல்லைப் புலவன் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டான். திண்ணைப் பள்ளி மாணவர் அவற்றை மனப்பாடம் செய்தனர். செய்யுளுக்கு அது பெருந்துணை. ஆனால் ஒரு வரிசையில் நிற்கும் சொற்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றாகும் என்ற எண்ணத்தையும் அப்பயிற்சி நம்மிடம் விட்டுச் சென்றது.

பேச்சில் நாம் அப்படி நடந்துகொள்வதில்லை. ‘காலமானார்’, ‘இறந்தார்’, ‘பலியானார்’, ‘கொல்லப்பட்டார்’ ஆகிய நான்கும் ஓர் உயிர் பிரிந்ததையே கூறுகின்றன. ஆயினும் முதுமையில் நோயுற்று மறைந்த பெரியவரைப் ‘பலியானார்’ என்று எவரும் எழுதார். துப்பாக்கிச் சூட்டில் மாண்டவரைக் ‘காலமானார்’ என்று எழுதும் பத்திரிகை, சுட்டவனைச் செய்தியிலிருந்து அகற்றிவிடுகிறது. தமிழில் நமக்கு இயல்பாகவே வாய்த்த இந்தச் செவியுணர்வை ஆங்கிலத்துக்கும் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

சிறையில்லாத சிறைவாசம்

1660ஆம் ஆண்டு, திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட ஓர் ஆங்கிலக் கப்பலின் ஆட்களைக் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் வீரர் பிடித்துச் சென்றனர். அவர்களுள் ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார். கண்டிக்கு அருகே எலதெத்த என்னும் ஊரில் வீடு கட்டினார். தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். 1679இல் தப்பி, அநுராதபுரத்தின் வழியே நடந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

நொக்ஸை ஆங்கிலத்தில் என்னவென்று அழைப்பது? ‘பிரிஸனர்’ எனில் சிறை வேண்டும். அவருக்குப் பூட்டிய கதவு இல்லை. ‘ஹொஸ்டேஜ்’ எனில் அவரைக் காட்டி எதையோ பெறும் பேரம் வேண்டும்; விடுதலைக்கு இன்ன விலை என்று அரசன் கேட்டு அவரை வைத்திருக்கவில்லை. ‘டிட்டெய்னி’ என்பது பிற்காலத்து அரசாங்கச் சொல். விசாரணைக்கு முன்போ விசாரணையே இன்றியோ சட்டத்தின் பெயரால் தடுத்து வைக்கப்பட்டவரை அது குறிக்கும். எஞ்சுவது ‘கப்டிவ்’. பகைவர் கையில் அகப்பட்டவர், போக விரும்பியும் போக இயலாதவர் என்பது அதன் பொருள். சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அச்சொல் பொருந்தும். நொக்ஸ் நூலின் முகப்பிலும் இச்சொல்லின் வழிவந்த ‘கப்டிவிட்டி’யே இடம்பெற்றிருக்கிறது.

தமிழில் இந்நால்வரையும் ‘கைதி’ என்று எழுதிவிடுகிறோம். கண்டி போகம்பறைச் சிறை 1876 முதல் 2014 வரை இயங்கியது. அங்கே இருந்தவர்களில் தண்டனை பெற்றவரும் உண்டு, வழக்கு முடியாதவரும் உண்டு. ‘சஸ்பெக்ட்’ என்பவர் சந்தேகநபர். ‘அக்கியூஸ்ட்’ என்பவர் குற்றஞ்சாட்டப்பட்டவர். ‘கொன்விக்ட்’ என்பவர் நீதிமன்றம் குற்றவாளியெனக் கண்டவர். முதலிருவரைக் ‘குற்றவாளி’ என்று எழுதும் செய்தியாளர் நீதிபதியின் வேலையைத் தாமே செய்துவிடுகிறார். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் விழுந்ததால் ஊரில் தலைகாட்ட முடியாமற் போன குடும்பங்கள் உண்டு என்பதைச் செய்தி மேசையில் இருந்தோர் அறிவர்.

கலகமும் எழுச்சியும்

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி அரண்மனையின் மகுல்மடுவத்தில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டு, இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். 1817இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் தொடங்கிய போர் 1818இல் அடக்கப்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பரில் கண்டியில் தலை வெட்டப்பட்டார். அவருடைய மண்டையோடு பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1954இல்தான் திரும்பி வந்தது. இன்று அது தலதா மாளிகைக்கு முன்னுள்ள நினைவிடத்தில் இருக்கிறது.

ஆளுநர் பிரவுன்றிக்கின் அரசு இப்போரை ‘ரெபெல்லியன்’ என்று அழைத்தது. ‘எமது ஆட்சி முறையானது; நீர் அதை மீறினீர்’ என்பது அச்சொல்லுக்குள் மறைந்திருக்கும் வாக்கியம். ‘மியூட்டினி’ எனில் படைக்குள் எழுந்த மீறல். ‘இன்சரெக்ஷன்’ என்பது சட்டத்தாரின் சொல். 1971ஆம் ஆண்டின் மக்கள் விடுதலை முன்னணிக் கிளர்ச்சிக்கு அதுவே வழங்கிற்று. ‘அப்ரைஸிங்’ என்பவர், கீழே அழுத்தப்பட்டவர் எழுந்தனர் என்று எண்ணுகிறார். ஆட்சி முறையானது என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1818இல் துரோகிகள் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அதே மனிதரை 2017இல் இலங்கை அரசு தேசிய வீரர்கள் என்று அறிவித்தது. நிகழ்ச்சி மாறவில்லை. பெயரிடும் அதிகாரம் கைமாறியது; சொல்லும் மாறியது. 1806ஆம் ஆண்டு வேலூர் நிகழ்ச்சியைச் ‘சிப்பாய்க் கலகம்’ என்று படித்த தலைமுறையும் ‘வேலூர்ப் புரட்சி’ என்று படித்த தலைமுறையும் தமிழகத்தில் உண்டு. இரண்டும் படித்தது ஒரே நிகழ்ச்சியைத்தான்.

இவ்வேறுபாடு பழங்கதைக்கு மட்டும் உரியதன்று. 2018 மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. 6ஆம் திகதி அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. ஆங்கிலச் செய்திகளில் ‘கிளாஷ்’ என்றும் ‘ரயட்’ என்றும் ‘மொப் வயலன்ஸ்’ என்றும் பலவாறு வந்தன. ‘கிளாஷ்’ எனில் இரு தரப்பும் மோதிக்கொண்டன என்று பொருள். எரிந்தவை யாருடைய கடைகள் என்ற கேள்வி அதில் மறைந்துவிடும். ‘ரயட்’ எனில் கூட்டம் கட்டுமீறிற்று. யாருக்கு எதிராக என்பதை அச்சொல் கூறாது. ‘பொக்ரொம்’ என்னும் ருஷ்யச் சொல், ஒரு சிறுபான்மையினர் மீது திட்டமிட்டு நடத்தப்பட்ட தாக்குதலையும், பெரும்பாலும் அதிகாரத்திலிருப்போரின் துணையையோ பாராமுகத்தையோ சேர்த்துச் சுட்டும். அச்சொல்லை எழுதுபவர் சான்றும் காட்டக் கடமைப்பட்டவர். நம் பத்திரிகைகளோ எல்லாவற்றுக்கும் ‘கலவரம்’ என்ற ஒரு சொல்லையே வைத்திருக்கின்றன. ‘மோதல்’, ‘வன்முறை’, ‘தாக்குதல்’ ஆகியவை தமிழில் இல்லாத சொற்கள் அல்ல. எது நடந்ததோ அதற்குரியதைத் தேர்ந்தெடுக்கும் பொறுமைதான் வேண்டும்.

‘ஆள்’ உதிர்ந்துபோன கூலி

இனி மலைக்கு ஏறுவோம். கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்பே, 1820களில், கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் எழுந்துவிட்டன. அவற்றில் வேலை செய்ய வந்தவர்கள் தமிழ்நாட்டின் மாவட்டங்களிலிருந்து புறப்பட்ட ஏழைத் தமிழர். அக்காலத்து ஆங்கில ஏடுகள் அவர்களைக் ‘கூலி’ என்றே குறித்தன.

தமிழில் ‘கூலி’ என்பது உழைப்புக்குக் கொடுக்கும் பணம். அதைப் பெறுபவர் கூலியாள். இந்தத் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தின் ‘கூலி’ ஆயிற்று என்பர் பலர். குஜராத்துக் கோலி மக்களின் பெயரே மூலம் என்போரும் உளர். மூலம் எதுவாயினும் விளைவு ஒன்றே. பணத்தின் பெயர் ஆளின் பெயராயிற்று. ‘ஆள்’ என்ற பகுதி உதிர்ந்தே போயிற்று. பின்னர் அது ஓர் இனத்தின் பெயராகவும் வசையாகவும் மாறித் தமிழரிடமே திரும்பி வந்தது.

‘கூலி’, ‘லேபரர்’, ‘வேர்க்கர்’, ‘எம்ப்ளொயி’ ஆகிய நான்கும் கொழுந்து பறிக்கும் ஒரே பெண்ணைக் குறிக்கலாம். ‘லேபரர்’ என்பவர் அவருடைய உடலுழைப்பைக் காண்கிறார். ‘வேர்க்கர்’ என்பது தொழிற்சங்கத்தின் சொல். அதற்குள் உரிமையும் கூட்டமும் உண்டு. ‘எம்ப்ளொயி’ எனில் ஒப்பந்தமும் ஓய்வூதியமும் நினைவுக்கு வரும். தோட்டத்து மக்களோ ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காத நாள் ‘அரைப் பேர்’ ஆகிவிடும். தாம் வாங்குவதைக் ‘கூலி’ என்று சொல்லாமல் ‘நாட்சம்பளம்’ என்று சொல்லும் வழக்கம் அவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அகராதியைப் பாராமலே அவர்கள் கண்ட வேறுபாடு அது.

இடத்தின் பெயரிலும் இதே கதைதான். அஸ்ஸாமில் ‘டீ கார்டன்’ என்பார்கள். இலங்கையில் ‘எஸ்டேட்’ என்பார்கள். ஆய்வாளர் ‘பிளான்டேஷன்’ என்பார்கள். தமிழில் மூன்றும் ‘தோட்டம்’. பேராதனையில் இருப்பதும் தோட்டம், ஹந்தானையில் இருப்பதும் தோட்டம். ‘எஸ்டேட்’ என்பது உடைமையின் சொல். அதைச் சொன்னதும் உரிமையாளர் ஒருவர் வந்துவிடுகிறார். ‘வில்லேஜ்’ என்பதில் குடிமக்கள் உண்டு. ‘எஸ்டேட்’டில் முதலாளியும் வேலையாட்களும் மட்டுமே. இலங்கையின் புள்ளிவிபரங்களில் நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகள் தனித்தனியே நிற்கின்றன. தோட்டம் கிராமம் அன்று என்ற இந்தப் பிரிவு ஏட்டோடு நிற்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்து மக்களுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடை இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அது நீங்கியது. அதே மக்கள் அத்தேர்தல்களில் வாக்களித்தும் வந்தனர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே இருப்பவர், இங்கே உரியவர்

கோப்பிக் காலத்தில் வந்தவர்களுள் பெரும்பாலோர் பறிப்புப் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பினர். அவர்களை ‘மைக்ரன்ட்’ என்று அழைத்ததில் தவறில்லை; வருவதும் போவதும் அச்சொல்லின் இயல்பு. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். ஆகவே தேயிலைக் காலத்தில் குடும்பங்கள் லயங்களில் தங்கின. பிள்ளைகள் பிறந்தனர், பேரர் பிறந்தனர். வந்து தங்கியவரை ஆங்கிலம் ‘இமிக்ரன்ட்’ என்னும். தங்கியவருக்குப் பிறந்தவரை அப்படிச் சொல்வது ஆங்கில அகராதிப்படியே பிழை. ஆனால் அதிகாரிகளின் ஏட்டில் மூன்றாம் தலைமுறையும் ‘இந்தியத் தொழிலாளர்’ ஆகவே எண்ணப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த சட்டங்கள் ஒத்த சொற்களின் வேறுபாட்டின் மேலேயே கட்டப்பட்டவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ‘சிட்டிசன்’ யார் என்று வகுத்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும், அல்லது பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்தவராக இருத்தல் வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே அரிதாக இருந்த லயத்து மக்கள் பாட்டனின் பிறப்பை எப்படி நிரூபிப்பர்? அடுத்து 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் தலைப்பிலுள்ள ‘ரெசிடென்ட்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘ரெசிடென்ட்’ என்பவர் இங்கே இருப்பவர். ‘சிட்டிசன்’ என்பவர் இங்கே உரியவர். திருமணமானவராயின் 7 ஆண்டும், ஆகாதவராயின் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்ததைக் காட்டினால்தான் முதலாமவர் இரண்டாமவர் ஆகலாம். அவ்வாண்டிலேயே தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, மக்களுள் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமை பறிபோயிற்று. ‘ஸ்டேட்லெஸ்’ என்னும் சொல் அவர்கள் தலையில் விழுந்தது. தமிழில் அதை ‘நாடற்றவர்’ என்றோம். ‘நாடு பறிக்கப்பட்டவர்’ என்று சொல்லியிருந்தால், பறித்தது யார் என்ற கேள்வியாவது எஞ்சியிருக்கும்.

திரும்பாமலே திரும்பியவர்கள்

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்த் தீர்மானிப்பது. அப்படியே 1974இல் இந்திரா காந்தியுடனான உடன்பாட்டில் அவர்களை ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பகிர்ந்துகொண்டனர். இலங்கையில் நான்கு பேருக்குக் குடியுரிமை என்றால் இந்தியாவுக்கு ஏழு பேர் என்பது முதல் ஒப்பந்தத்தின் விகிதம். அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை.

ஏழு பேரை அனுப்பும் அந்தச் செயலுக்கு ஆங்கிலத்தில் இடப்பட்ட பெயர் ‘ரிபேட்ரியேஷன்’.

அதன் பக்கத்தில் நிற்கும் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ‘ரிட்டர்ன்’ எனில் ஒருவர் முன்பு இருந்த இடத்துக்கு மீள்வது. ‘டிப்போர்ட்’ எனில் அந்நியர் என்று முடிவு செய்யப்பட்டவரை அரசு வெளியே அனுப்புவது. ‘எக்ஸ்பெல்’ எனில் துரத்துவது. துரத்தப்படுபவர் அந்நியராக இருக்கவேண்டும் என்பதில்லை. ‘ரீசெட்டில்’ எனில் வேறோர் இடத்தில் குடியமர்த்துவது. ‘ரிபேட்ரியேட்’ என்பதன் நடுவில் இருப்பது ‘பாத்ரியா’ என்னும் இலத்தீன் சொல். தந்தையர் நாடு என்பது அதன் பொருள். முன்னால் உள்ள ‘ரி’ என்பது ‘மீண்டும்’ என்று கூறும். ஆக, அச்சொல்லுக்குள் இரண்டு முடிவுகள் மறைந்திருக்கின்றன. ஒன்று, இவர்களின் நாடு அது. மற்றொன்று, இவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். கண்டியில் பிறந்து கண்டியில் வளர்ந்து இராமேசுவரத்தைப் படத்திலும் பாராத ஓர் இளைஞனுக்கு இரண்டுமே பொருந்தா. போர்க் கைதியைப் ‘ரிபேட்ரியேட்’ செய்யலாம். வெளிநாட்டில் இறந்தவர் உடலைச் செய்யலாம். பிறந்த மண்ணிலிருந்து ஒருவரைப் பிறிதொரு நாட்டுக்கு அனுப்பிவிட்டு அச்சொல்லை வழங்குவது, வழக்கை விசாரிக்காமலே தீர்ப்பெழுதுவதாகும்.

தமிழ் மொழிபெயர்ப்பு இன்னும் ஒருபடி மேலே சென்றது. ‘தாயகம் திரும்பியோர்’ என்றது. ஆங்கிலத்தில் இலத்தீன் வேருக்குள் புதைந்திருந்த தந்தையர் நாடு தமிழில் வெளிப்படையாகத் தாயாக நின்றது. ஆங்கிலம் வாசிப்பவருக்கு அது அலுவலகச் சொல்லாய்த் தெரிந்திருக்கும். தமிழ் வாசிப்பவருக்கோ ஆனந்தக் கண்ணீர்க் காட்சியாய்த் தெரிந்தது. அரசாணைகளும் பத்திரிகைகளும் அதை வழங்க, அது நிலைத்துவிட்டது.

மலைநாட்டிலிருந்து தலைமன்னார் வரை புகையிரதத்திலும், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலிலும் அம்மக்கள் அனுப்பப்பட்டனர். கண்டியிலும் ஏனைய மலைநாட்டு நிலையங்களிலும் வண்டி புறப்படும்போது மேடையில் நின்றோரும் வண்டிக்குள் இருந்தோரும் கதறி அழுதனர். ஒரே குடும்பத்தில் தமையனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று தீர்ந்த கதைகள் பல. அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. செத்தவருக்கு வைப்பதல்லவா ஒப்பாரி! தாய்வீடு போகிறவருக்கு ஒப்பாரி வைக்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. ‘ரிபேட்ரியேஷன்’ என்ற சொல்லுக்கு எழுதப்பட்ட மிகச் சரியான மறுப்பு அந்த இரண்டு சொற்களே என்பேன்.

அக்கரையில் கிடைத்த பெயர்கள்

இலங்கையில் அவர்களை ‘இந்தியத் தமிழர்’ என்றனர். வசைமொழியாகக் ‘கள்ளத்தோணி’ என்றும் அழைத்தனர். மண்டபம் முகாமில் இறங்கி நீலகிரியின் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் சென்றபின் அவர்கள் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். பழைய தமிழ்நாட்டு வழக்கில் இலங்கையின் மலைநாடு முழுவதும் ‘கண்டிச் சீமை’. அச்சீமைக்குப் போன பாட்டனை ஊர் மறந்துவிட்டது. திரும்பி வந்ததாகச் சொல்லப்பட்ட பேரனை அந்நியனாகவே பார்த்தது. அவர்களின் மறுவாழ்வுக்கென்று தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான ‘டான்டீ’ தோட்டங்களை அமைத்தது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோருக்காக 1969இல் தொடங்கப்பட்ட ரெப்கோ வங்கியின் பெயரிலும் அந்த ‘ரிபேட்ரியேட்’ ஒளிந்திருக்கிறது.

1983க்குப் பின் இன்னொரு சொல் குறுக்கிட்டது: ‘ரெஃபியூஜி’. வன்முறைக்கு அஞ்சி ஓடிவந்தவர்களுள் மலையக வம்சாவளியினரும் பலர் இருந்தனர். ஒப்பந்தப்படி கப்பலில் வந்தவர் ‘ரிபேட்ரியேட்’. அவருக்குக் குடியுரிமை உண்டு. கப்பல் போக்குவரத்து 1984இல் நின்றது. அதன்பின் அதே குடும்பத்திலிருந்து படகில் வந்தவர் ‘ரெஃபியூஜி’, அவருக்கு முகாம். இந்தியச் சட்டத்தின் கண்ணிலோ உரிய ஆவணமின்றி வந்தவர் ‘இல்லீகல் மைக்ரன்ட்’, சட்டவிரோதக் குடியேறி. மூன்று சொற்கள், மூன்று விதி. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர் தொடர்ந்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வழிகாட்டியது. 2021இல் தமிழக அரசு ‘இலங்கை அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர்ப் பலகை மாறியது நன்று. ஆனால் முகாமிலுள்ளவரின் சட்டநிலை பலகையோடு மாறிவிடவில்லை. சொல்லை மாற்றினால் மட்டும் நிலைமை மாறாது என்பதையும் மறக்கலாகாது.

மறுப்பும் விடையும்

இங்கே இருவகை மறுப்புகள் எழலாம். ஒன்று: இந்தியக் குடியுரிமைக்குத் தாமே விண்ணப்பித்துச் சென்றவர்களும் இருந்தார்களே! உண்மை. ஊரில் நிலமும் உறவும் உடையோர் சிலர் விரும்பியே சென்றனர். அவர்களுக்குத் ‘திரும்பினார்’ என்பது பொருந்தும். ஆனால் வாக்கும் குடியுரிமையும் பறிக்கப்பட்ட பின் ஒருவர் எழுதித்தரும் விண்ணப்பத்தை எந்த அளவுக்கு விருப்பம் என்று கொள்வது? இரண்டு: ‘தாயகம் திரும்பியோர்’ என்ற சான்றிதழைக் கொண்டே சலுகைகள் கிடைத்தன, அச்சொல்லை ஏன் குலைக்கவேண்டும்? சான்றிதழிலும் நிறுவனங்களின் பெயரிலும் அது இருந்துவிட்டுப் போகட்டும். அரசின் சொல்லை அரசின் சொல் என்று மேற்கோட்குறியிட்டுச் சொல்வதில் தடையில்லை. கட்டுரையிலும் செய்தியிலும் வரலாற்றுப் பாடத்திலும் நம் சொந்தச் சொல்லாக அதை எழுதக்கூடாது என்பதே என் வாதம். ‘ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டோர்’ என்று எழுதலாம். சற்று நீளமே, ஆயினும் நடந்தது அதுதான்.

இலங்கையில் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்தன. சட்டத்தின் பார்வையில் ‘ஸ்டேட்லெஸ்’ என்ற சொல் அவர்களைவிட்டு நீங்கிற்று. 2023இல், மலைநாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்தனர். ‘இந்தியத் தமிழர்’, ‘தோட்டத் தமிழர்’ என்ற பெயர்களை மறுத்து ‘மலையகத் தமிழர்’ என்றே தம்மை அழைக்குமாறு அவர்கள் கேட்கின்றனர். ஆங்கிலத்தில் எழுதும்போதும் ‘மலையகம்’ என்பதை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுகின்றனர். அதற்கு நெருங்கிய ஆங்கிலச் சொற்கள் பல இருந்தும் ஒன்றையும் ஏற்கவில்லை. அவற்றில் எதுவுமே தமக்குரிய வாக்கியத்தைச் சொல்லவில்லை என்று கண்டதனாலேயே இம்முடிவு.

ஆங்கிலம் பயிலும் இளைஞருக்கும் செய்தி மொழிபெயர்க்கும் தம்பி தங்கையருக்கும் நான் சொல்லக்கூடியது சுருக்கமானது. இரு சொற்கள் ஒன்றுபோலத் தோன்றினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இச்சொல்லை ஏற்றால் வேறு எதையெல்லாம் ஏற்றவனாவேன்? இதை வழக்கமாகச் சொல்பவர் யார்; சொல்லப்படுபவர் தம்மை இப்படி அழைத்துக்கொள்வாரா? இதன் இடத்தில் மற்றச் சொல்லை வைத்தால் செய்தியிலிருந்து யார் காணாமற் போகிறார்? அகராதி தரும் பொருளோடு இம்மூன்றுக்கும் விடை தேடினால், பெரும்பாலான இரட்டைச் சொற்கள் தாமே பிரிந்து நிற்கும்.

‘தாயகம் திரும்பியோர்’ என்ற தலைப்பை அடுத்த முறை எங்கேனும் கண்டால், அந்தத் தொடரை எழுதியவர் யார், ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற தொடரை உண்டாக்கியவர் யார் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். ஒரே பயணத்துக்கு இரண்டு பெயர்கள் அவை. எதை நம் எழுத்தில் எடுத்தாள்வது என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.